ஈஸ்ட் கழித்துப் போடும் ரோஜா மணம்

பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒயினை முகர்ந்து பார்த்துவிட்டு ரோஜா வாசனை அடிக்கிறது என்கிறார்களே, பூவைப் போட்டு ஊறவைக்கிறார்களா?"

பூ எதுவும் போடுவதில்லை. திராட்சைச் சாறும் ஈஸ்ட்டும்தான். ஆனால் அந்த வாசனை கற்பனையும் இல்லை. பன்னீர் ரோஜாவில் இருக்கும் பீனைல் எத்தனால் என்ற பொருள், ஓர் அணுகூட மாறாமல், ஒயினிலும் இருக்கிறது. இது தண்ணீரில் ஓரளவு கரையும். அதனால்தான் பூவைக் காய்ச்சி வடிக்கும்போது நீரோடு சேர்ந்து வந்து பன்னீருக்கு மணம் தருகிறது.

சரி, பூவே இல்லாத இடத்தில் அது எப்படி வந்தது?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் சர்க்கரை மட்டும் போதாது. செல்கள் பெருகப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். திராட்சைச் சாற்றில் சர்க்கரை கொட்டிக் கிடக்கும், நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம். எளிதில் கிடைப்பது தீர்ந்ததும் ஈஸ்ட் பீனைல் அலனைன் போன்ற அமினோ அமிலங்களில், அதாவது நைட்ரஜன் கொண்ட புரதத் துண்டுகளில், கைவைக்கிறது. நெல்லைக் குத்தி அரிசியை எடுத்துக்கொண்டு உமியைத் தள்ளுவதுபோல, நைட்ரஜனைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை ஒதுக்குகிறது.

இந்த ஒதுக்கும் வேலைதான் எனக்கு அலுக்கவே அலுக்காதது. மிச்சத்திலிருந்து முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடு உருவப்படுகிறது. இப்போது கையில் இருப்பது பீனைல் அசிட்டால்டிஹைடு என்ற ஆல்டிஹைடு வகைப் பொருள். தேன் மணம் கொண்டது. ஆனால் ஆல்டிஹைடுகள் செல்லுக்கு நஞ்சு, உள்ளே வைத்திருக்க முடியாது. உடனே ஹைட்ரஜனைச் சேர்த்து ஆல்கஹாலாக மாற்றி வெளியே விடுகிறது. அதுதான் பீனைல் எத்தனால், நம் ரோஜா மணம்! இத்தகைய ஆல்கஹால்கள் அமினோ அமிலங்களிலிருந்து வருகின்றன என்று 1907-இல் விளக்கியவர் ஜெர்மன் வேதியியலர் ஃபெலிக்ஸ் எர்லிக்; இன்றும் இதற்கு எர்லிக் பாதை என்றே பெயர். இன்னொன்று: ரோஜா இதழும் அதே பீனைல் அலனைனில் தொடங்கி, அதே ஆல்டிஹைடு வழியாகத்தான் இந்த மணத்தைச் செய்கிறது. நொதிகள் வேறு, பூ செய்வது பூச்சியை அழைக்க, ஈஸ்ட்டுக்கு அது வெறும் கழிவு.

லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் இருந்தாலே ஒயினில் இதை உணரலாம். விழுங்கியபின் தொண்டையின் பின்வழியாக மூச்சோடு மேலேறி மூக்கின் உச்சியைத் தொடுகிறது. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பின்வழி வாசனைதான். அங்கே சுமார் 400 வகை மண உணர்விகள் காத்திருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. பீனைல் எத்தனால் மூக்கில் எரிச்சலூட்டாது என்பதால், மோப்பத்திறனைச் சோதிக்க மருத்துவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒயின் என்றதும் முகம் சுளித்து இந்த ஆராய்ச்சியை ஒதுக்குவது நமக்குத்தான் நட்டம். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பீனைல் எத்தனால் மலிவு. ஈஸ்ட்டை வைத்துச் செய்வது இயற்கை மணப்பொருளாகப் பல மடங்கு விலைக்குப் போகிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் முழுக்கக் குவியும் தோலிலும் கழுவிய நீரிலும் ஈஸ்ட்டுக்கு வேண்டிய சர்க்கரை இருக்கிறது. கட்டுப்படியாகுமா என்பதைச் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசுக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றுக்கு ஈஸ்ட்டை வளர்க்கும் ஒரு நொதிகலனும், மணப்பொருளை அளக்கும் கருவியும், இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தால் அடுத்த மாம்பழ சீசனிலேயே ஆரம்பித்துவிடலாம்.