கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்புவோர் முதலில் எழுத வேண்டியது வழு அறிக்கை

புதுச்சேரியில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிவதோடு, பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டப்பணிகளுக்கு வழிகாட்டியும் வருகிறேன். அண்மைக் காலமாக அவர்களுடைய தன்விவரக் குறிப்புகளில் 'ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பாளர்', அதாவது எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்குப் பங்களிப்பவர், என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அவர்களுடைய கணக்கைத் திறந்து பார்த்தால், ஒரு திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு காற்புள்ளி சேர்த்ததும் தம் பெயரை எழுதி வைத்ததுமே பங்களிப்பாக இருக்கின்றன. மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எண்ணிக்கையைக் காட்டினால் போதும் என்று கற்றுக்கொடுத்தவர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. 2020இல், இத்தகைய பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபர்தோறும் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, டி-சர்ட்டுக்காக அனுப்பப்பட்ட பொருளற்ற திருத்தங்கள் வந்து குவிந்ததால், பங்கேற்க இசைவு தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புபவை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று விதியையே இடையில் மாற்ற வேண்டியதாயிற்று. அத்தகைய திருத்தங்களைப் படித்துப் பார்த்து நிராகரிக்கும் பராமரிப்பாளர்களில் பலர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தைக் கொடுப்பவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில் நமக்கே இடையூறாக இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவதே முறை. தமிழ் பயன்படுத்துவோருக்கு அதற்குப் பஞ்சமில்லை. 'கோரிமேடு' என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தை, ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகச் சேர்த்தும் சேமிக்கலாம். இரண்டும் சமமானவை என்றே, எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடுகளை வகுக்கும் யூனிக்கோடு தரம் வரையறுக்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால், ஒப்பிடும் முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத நிரலில், ஒரு வகையில் தட்டச்சு செய்த பெயரை மற்ற வகையில் தேடினால் கிடைக்காது.

மென்பொருளின் இத்தகைய வழுவை, அதாவது பிழையை, அதை உருவாக்குவோருக்குத் தெரிவிப்பதே வழு அறிக்கை. அதில் 'தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் எவராலும் எதுவும் செய்ய இயலாது. மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், எந்தச் சொல்லைத் தேடினீர்கள், என்ன கிடைக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன கிடைத்தது என்பவற்றை வரிசையாக எழுதி, இரு வடிவங்களிலும் அந்தச் சொல் உள்ள சிறிய மாதிரிக் கோப்பை இணையுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் தம் கணினியில் அதே வழுவை மீண்டும் வரவழைத்துப் பார்க்க முடிந்தால், பாதி வேலை முடிந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய இந்தப் பங்களிப்பை, பெயருக்கு அனுப்பும் பத்துத் திருத்தங்களைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

நிரலைத் திருத்த முற்படுவோர், அதே வழுவை வேறு எவரேனும் முன்பே பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடிவிட்டு, திட்டத்தின் பங்களிப்பு நெறிகளை முழுமையாகப் படிக்க வேண்டும். திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு கிட்ஹப் போன்ற தளங்களில் விடுக்கும் கோரிக்கையான புல் ரிக்வெஸ்டை எல்லாத் திட்டங்களும் ஏற்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு இன்றும் மின்னஞ்சலில்தான் பேட்ச் எனப்படும் திருத்தத்தை அனுப்புகிறார்கள், அந்த நிரலைக் கொடுக்கத் தமக்கு உரிமை உண்டு என்று அனுப்புநர் உறுதி கூறும் ஒப்புதல் வரியும் (Signed-off-by) அதில் இருக்க வேண்டும். ஒரு பேட்ச்சில் ஒரே ஒரு மாற்றம் இருக்கட்டும். அனுப்புமுன் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய நிரலாக இருந்தால், ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களால் விளக்க முடியாதவரை அனுப்பாதீர்கள். பரிசீலிப்பவர் பத்துக் குறைகளைச் சுட்டினால், அவர் உங்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்று பொருள்.

தனியாகத் தடுமாறுவோருக்கு, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், அருகே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன.

ஏற்கெனவே ஐடி நிறுவனத்தில் பணிபுரிவோர் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் நிரல் நிறுவனத்துக்கே உரியது என்னும் பிரிவு பணி ஒப்பந்தத்தில் இருக்கலாம். சில ஒப்பந்தங்களில் அது அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதுவதையும் உள்ளடக்குகிறது. உரிமையில்லாத நிரலைக் கொடுத்தால் உங்களுக்கு மட்டுமன்றி அந்தத் திட்டத்துக்கும் சட்டச் சிக்கல் வரும். ஆகவே திட்டத்தின் பெயரையும் அதன் உரிமத்தையும் குறிப்பிட்டு, அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுத்துவடிவில் பெற்றுவிடுங்கள். அலுவலக மடிக்கணினியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.