கார்புரேட்டரின் சின்ன ஸ்க்ரூ

பழைய பிரீமியர் பத்மினி காரின் பானெட்டைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டரின் அடிப்பகுதியில் தேடினால் ஸ்பிரிங் மாட்டிய ஒரு சின்ன ஸ்க்ரூ தட்டுப்படும். மைலேஜ் குறைந்தால் முதலில் திருகு வாங்குவது இதுதான். பாவம், பெரும்பாலும் அதன்மேல் தப்பே இருக்காது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால்தான் உறைக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. இதைக் கலந்து கொடுக்க கார்புரேட்டரில் சென்சார் எதுவும் கிடையாது. இருப்பது நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு குழாய். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். கார்புரேட்டரின் சின்னத் தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஜெட் என்ற அளவுத் துளை வழியாக அந்த இடத்துக்குத் தள்ளிவிடும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் இந்த வித்தை பலிக்காது. ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் ஒடுங்கிய இடத்தில் காற்றோட்டம் பேருக்குத்தான். ஆனால் தகட்டுக்குக் கீழே எஞ்சின் பலமாக உறிஞ்சும். அங்கே பெட்ரோலும் காற்றும் கலந்து வர தனியாக ஒரு துளை உண்டு. அதன் வாயைக் கூரிய முனையால் கூட்டிக் குறைப்பதுதான் நம் ஸ்க்ரூ. வண்டி அறுபதில் போகும்போது பெட்ரோலை அளப்பது மெயின் ஜெட். அப்போது இதற்கு வேலை இல்லை என்றே சொல்லலாம்.

சரி, எப்படித் திருகுவது? டேப்பெட் (வால்வு இடைவெளி), டைமிங் (பொறி விழும் நேரம்), ஸ்பார்க் பிளக் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக்கை உள்ளே தள்ளியிருக்க வேண்டும். ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை திருகி (அழுத்தினால் முனையில் தழும்பு விழுந்துவிடும், அப்புறம் எப்படித் திருகினாலும் நிலைக்காது) ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகினால் ஓரிடத்தில் எஞ்சின் உதறும், பெட்ரோல் பட்டினி. வெளியே எடுத்தால் சத்தம் சீராகி வேகம் ஏறும். இன்னும் எடுத்தால் தொண்டை அடைத்ததுபோல் கனத்துத் தள்ளாடும், சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கும். இரண்டுக்கும் நடுவே வேகம் உச்சத்தில் நிற்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. உண்மையில் அது 14.7 அல்ல, பெட்ரோல் சற்றுக் கூடுதலான கலவை. ஐடிலிங்கில் எரிந்த புகை கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கிப் புதுக் கலவையின் வீரியத்தைக் குறைப்பதே காரணம்.

யமஹா ஆர்எக்ஸ் 100-இல் பழகிய கை இங்கே ஏமாறும். அந்த பைக்கில் இருப்பது காற்றை அளக்கும் ஸ்க்ரூ. இறுக்கினால் காற்று குறைந்து கலவையில் பெட்ரோல் ஓங்கும். பத்மினியில் இறுக்கினால் பெட்ரோல் குறையும்.

மேட்டுப்பாளையத்தில் அழகாக ஓடிய வண்டி ஊட்டியில் கறுப்புப் புகை விடலாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதனால் கலவையில் பெட்ரோல் ஓங்கிவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் கதை தலைகீழ். எத்தனாலுக்கு 9 மடங்கு காற்றே போதும் என்பதால், அந்தக் கலப்புக்குத் தேவை 13.5-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பழைய ஜெட் பழைய அளவே ஊற்றும். எஞ்சின் லீன் ஆகிவிடும், அதாவது கலவையில் பெட்ரோல் போதாமல் போகும். ஐடிலிங் தடுமாற்றத்தை ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே எடுத்துச் சரிக்கட்டலாம். ஓட்டத்திலும் லீன் ஆகி பிளக்கின் முனை வெளுத்தால் மெயின் ஜெட்டைத்தான் பெரிதாக்க வேண்டும்.