வெட்சூட், டிரைசூட்: தமிழில் என்ன சொல்லலாம்?

பூம்புகாருக்கு எதிரே கடலுக்கு அடியில் நடந்த அகழாய்வு பற்றிப் படிக்கும்போதும், ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் முக்குளிப்பது) பழகப் போகும்போதும் நம் காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு, முக்குளிப்போர் அணியும் உடைகளின் பெயர்களான வெட்சூட், டிரைசூட் என்னும் இரண்டு சொற்களும் எதிர்ப்படும். 'ஈர உடை', 'உலர் உடை' என்று சிலர் எழுதுகிறார்கள். மழையில் நனைந்த வேட்டியும் ஈர உடைதான், கொடியில் காய்ந்த சட்டையும் உலர் உடைதான். கடலுக்குள் அவை செய்யும் வேலை இந்தப் பெயர்களில் தெரியவில்லை.

ஆங்கிலத்தின் 'சூட்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர், 'பின்தொடர்' என்னும் பொருளுள்ள லத்தீன் சொல். ஒன்றோடொன்று சேர்ந்து வரும் துணித்தொகுதி என்று கருத்து. ஒரு வேலைக்கென்று அணிவதை நாம் 'போலீஸ் உடுப்பு' என்கிறோமே, அந்த 'உடுப்பு' இதற்கு நன்றாகப் பொருந்தும்.

வெட்சூட்டுக்குள் தண்ணீர் கொஞ்சம் புகும், உடம்பும் நனையும். ஆனால் குளிரைத் தடுப்பது அந்தத் தண்ணீர் என்று பலர் நினைப்பது சரியில்லை. நியோபிரீன் என்னும் நுரைரப்பரில் அடைபட்ட வாயுக் குமிழிகள்தான் உடம்பின் வெப்பத்தைக் காக்கின்றன. உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, குமிழிகள் இருந்தால் போதும் என்று 1950களின் தொடக்கத்தில் கண்டுகொண்டவர் கலிபோர்னிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். ஒரு குறை உண்டு. 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரு மடங்காகிவிடும். குமிழிகள் சுருங்க, உடுப்பு மெலிந்து குளிர் ஏறும்.

டிரைசூட்டில் கழுத்தும் மணிக்கட்டும் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும், ஜிப்பும் நீர் கசியாதது. உள்ளே தனியாகக் கதகதப்பான துணி அணிய வேண்டும். இறங்க இறங்கச் சிலிண்டரிலிருந்து உடுப்புக்குள் காற்று விட வேண்டும், ஏறும்போது வெளியேற்ற வேண்டும். காற்று காலுக்கு ஏறிவிட்டால் ஆள் தலைகீழாவார். அதனால் தனிப் பயிற்சி இல்லாமல் தொடவே கூடாது.

ஆக, நீர் புகுமா புகாதா என்பதே வேறுபாடு. நான் எழுதுவது நீர்புகு உடுப்பு, நீர்புகா உடுப்பு. முன்னது வினைத்தொகை, பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இரண்டுமே நம் இலக்கணத்தில் இயல்பாக அமைபவை.

நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் மேல்மட்டக் கடல்நீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ். இங்கே 3 மி.மீ. நீர்புகு உடுப்பே பெரும்பாலோருக்குப் போதும். பாறைச் சிராய்ப்பும் சொறிமீன் (ஜெல்லி மீன்) கொட்டும் படாமல் அதுவே காக்கும். நீர்புகா உடுப்பு குளிர்க்கடல்களுக்கு உரியது. இங்கே அதைப் போட்டால் படகிலேயே வியர்த்துக் கொட்டும்.

'புகு', 'புகா' இரண்டும் காதில் நெருங்கி ஒலிப்பவை. எழுத்தில் இந்தச் சொற்களைத் தாராளமாகப் புழங்கலாம். ஆனால் இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே ஆளுக்கு ஆள் உடுப்பு எடுத்துக் கொடுக்கும்போது வெட்சூட், டிரைசூட் என்றே கேளுங்கள்.