அமெரிக்கப் பார்சலுக்குக் கனடாவில் எவ்வளவு வரி? தபாலா, கூரியரா என்று முதலில் பாருங்கள்

அமெரிக்கக் கடையில் இணையத்தில் வாங்கிய பொருள் கனடாவுக்குள் வரும்போது இரண்டு வரிகள் விழலாம்: சுங்கத் தீர்வை, ஜி.எஸ்.டி. அல்லது எச்.எஸ்.டி. என்கிற விற்பனை வரி. மதிப்புக் குறைந்த பார்சலுக்கு விலக்கு உண்டு. ஆனால் எவ்வளவு விலக்கு என்பது பார்சலைக் கொண்டுவருவது யார் என்பதைப் பொறுத்தது.

கனடா போஸ்ட்டில் வந்தால் 20 டாலர் வரை இரண்டும் இல்லை. தாண்டினால் இரண்டும் உண்டு. அமெரிக்காவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ கூரியரில் வந்தால் 40 டாலர் வரை எதுவும் இல்லை, 150 வரை விற்பனை வரி மட்டும், அதற்கு மேல் தீர்வையும் சேரும். மதுவுக்கும் புகையிலைக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இந்தப் பாகுபாடு 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த கனடா-அமெரிக்கா-மெக்சிகோ ஒப்பந்தத்தின் விளைவு. கனடா தரப்பில் பேச்சை நடத்தியவர் கிறிஸ்டியா ஃப்ரீலண்ட். 2013 இடைத்தேர்தலில் டொராண்டோவிலிருந்து நாடாளுமன்றம் வந்து, 2015-இல் வர்த்தக அமைச்சராகி, 2017-இல் வெளியுறவுக்குப் போனவர். தன் நாட்டு வரம்பு அப்போது 800 அமெரிக்க டாலராக இருந்ததைக் காட்டி, கனடாவும் ஏற்ற வேண்டும் என்றது அமெரிக்கா. வாடகையும் கொடுத்து விற்பனை வரியும் வசூலிக்கும் எங்களால் வரியில்லாப் பார்சலோடு எப்படிப் போட்டிபோட முடியும் என்று கேட்டார்கள் கனடியக் கடைக்காரர்கள். 40-ம் 150-ம் அதில் பிறந்த சமரசம். விரைவுச் சரக்குக்கு, அதாவது கூரியருக்கு மட்டும் எழுதப்பட்டதால் தபால் பழைய 20-இலேயே நின்றது. (800 கேட்ட அமெரிக்காவே 2025 ஆகஸ்ட் 29-இல் தன் விலக்கை எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது வேறு கதை.)

சீனாவில் தைத்த, 120 கனடிய டாலர் விலையுள்ள பருத்தி டி-ஷர்ட் ஒன்று ஒன்டாரியோவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரியரில் வந்தால் தீர்வை இல்லை; 13% எச்.எஸ்.டி. 15.60. தபாலில் வந்தால் 18% தீர்வை 21.60; அதையும் சேர்த்த 141.60-க்கு எச்.எஸ்.டி. 18.41, கனடா போஸ்ட்டின் கையாளும் கட்டணம் 9.95. மொத்தம் 49.96. அப்படியானால் கூரியர்தான் மலிவு என்று முடிவுகட்ட வேண்டாம். சில கூரியர்கள், குறிப்பாகச் சாதாரணத் தரைவழிச் சேவையில், பார்சலைச் சுங்கத்தில் விடுவித்துத் தருவதற்குச் சுங்கத் தரகுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை போடுவார்கள். அது அரசு வரி அல்ல. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்தத் தரகைத் தவிர்க்க, சொந்த உபயோகப் பொருளை நீங்களே சுங்கத்தில் விடுவிக்கலாம். கூரியர் விடுவிக்கும் முன்பே அவர்களிடம் சொல்லி, பார்சலின் சரக்கு எண்ணை வாங்குங்கள். அதையும் பில்லையும் அடையாள அட்டையையும் கனடாவின் சுங்கத்தைக் கவனிக்கும் எல்லைச் சேவை முகமையின் (CBSA) அலுவலகத்துக்கு எடுத்துப்போய் வரியைக் கட்டி, ரசீதைக் கூரியரிடம் காட்டிப் பார்சலை வாங்கலாம். பார்சல் வாசலுக்கு வந்தபிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

அடிக்கடி ஏமாறுவது மூன்று இடங்களில். வரம்புகள் கனடிய டாலரில். 35 அமெரிக்க டாலர் பொருள் இன்றைய மாற்று விகிதத்தில் 40-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மிஞ்சிய தொகைக்கு அல்ல, முழு மதிப்புக்கும் வரி. மூன்றாவது, அமெரிக்கக் கடை என்றால் தீர்வை இல்லை என்ற நம்பிக்கை: தீர்வைக்குப் பார்க்கப்படுவது கடை இருக்கும் நாடு அல்ல, பொருள் செய்யப்பட்ட நாடு.

பரிசு தனி. வெளிநாட்டிலிருந்து ஒருவர் உங்களுக்கு அனுப்பும் பரிசுக்கு 60 டாலர் வரை விலக்கு; அதற்கு மேல் மிஞ்சியதற்கு மட்டும் வரி. பரிசு என்று தெரியும்படி அட்டை இருக்க வேண்டும். கடையில் நீங்களே வாங்கிப் பரிசு என்று எழுதச் சொன்னால் செல்லாது.

தவறாக வரி போட்டிருந்தாலோ பொருளைத் திருப்பி அனுப்பியிருந்தாலோ, பி2ஜி படிவத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம். வரி கட்டிய ரசீது, கடையின் பில், திருப்பி அனுப்பியதற்கும் கடை பணம் தந்ததற்கும் சான்று ஆகியவற்றை இணையுங்கள். கூரியரின் தரகுக் கட்டணத்தை எல்லைச் சேவை முகமை திருப்பித் தராது. அதைக் கூரியரிடமே கேட்க வேண்டும்.