'காட்டன் துணிதான் சார்' என்று சொல்லாதீர்கள்

இந்த வாரமும் என் பட்டறைக்கு ஒரு துப்பாக்கிக் குழல் வந்தது. உள்ளே சுரண்டினால் கறுப்பு பிளாஸ்டிக் உரிகிறது. குண்டைச் சுற்ற என்ன துணி போட்டீர்கள் என்று கேட்டால் வழக்கமான பதில்: "காட்டன் துணிதான் சார் வெட்டினேன்." அது பாலியஸ்டர் கலந்த துணி.

உரிமத்தில் எஸ்.பி.எம்.எல். என்றிருக்கும், அதாவது வாய் வழியே கரிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக் குழல் துப்பாக்கியில் ஒற்றை ஈயக் குண்டு போடுகிறவர்களுக்குத்தான் இது. பால்ரஸ் என்னும் சிறு குண்டுகளைப் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். குண்டைச் சுற்றும் துணித் துண்டு, அதாவது பேட்ச், சுத்தப் பருத்தியாகவோ லினனாகவோ இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதையும் விலையையும் நம்பாதீர்கள். தொட்டுப் பார்த்தே தெரிந்துவிடும் என்பவரையும் நம்பாதீர்கள். சென்னையின் துணிக்கடைகள் உள்ள கோடவுன் தெருவோ எம்.சி. ரோடோ, முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்குங்கள். பாவில் ஓர் இழை, ஊடில் ஓர் இழை உருவித் தனித்தனியே கொளுத்துங்கள். ஒன்று பருத்தி, மற்றது பாலியஸ்டர் என்று நெய்த துணி உண்டு. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகும். கலப்பு நூலென்றால் சாம்பலுக்குள் அந்த மணி நெருடும். கரிமருந்து வைத்திருக்கும் அறையில் கொளுத்தாதீர்கள், சாமி!

புதுத் துணியின் கஞ்சி போக வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்த பிறகே தடிமன் பாருங்கள். 0.50 அங்குலக் குழல், 0.490 குண்டு என்றால் 0.010 முதல் 0.015 அங்குலம் வரை. பழைய வேட்டி மெலிசு, கிழியும். கேன்வாஸ் தடித்தது, குண்டு பாதியில் நிற்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். குண்டு மருந்தில் உட்காரும் அளவைக் கெட்டிக்கிற கம்பியில் கோடு போட்டு வையுங்கள்.

பேட்சை ஒன்றே கால் அங்குல வட்டமாக வெட்டுங்கள், சதுரமானாலும் குறையில்லை. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கித் தடவலாம். இன்ஜின் ஆயில் கூடவே கூடாது, மருந்துக் கசடோடு சேர்ந்து தாராகிவிடும். சொட்டச் சொட்ட நனைத்தால் மருந்து நமுக்கும். சென்னை ஈரத்தில் பேட்ச் பூசணம் பிடிக்காமலிருக்க இறுக மூடும் டப்பா போதும்.

சுட்ட பேட்சைத் தேடி எடுத்துப் பாருங்கள். நடு கறுத்து ஓரம் பிசிறியிருந்தால் சரி. குண்டைச் சுற்றி எரிந்து ஓட்டையானால் துணி மெலிசு, அல்லது எண்ணெய் போதவில்லை. கத்தியால் கீறியது போலிருந்தால் குழல் வாயோ, ரைஃபிளிங் எனும் உட்புறச் சுழல் வரிகளோ கூராக இருக்கின்றன. துணியை மாற்றாமல் குழலைக் கொண்டுவாருங்கள். விழுந்த பேட்ச் புகைந்துகொண்டிருக்கலாம். காய்ந்த புல்லானால் முதலில் மிதித்து அணையுங்கள், பிறகு ஆராய்ச்சி.