பாடி இமேஜ்: தோற்றமும் இல்லை, பிம்பமும் இல்லை

‘உடல் தோற்றக் கோளாறால் அவதிப்படும் இளம்பெண்கள்’ என்று மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். அந்தப் பெண்களின் உடலில் ஒரு கோளாறும் கிடையாது. இருப்பதைவிடப் பருமனாகத் தங்களை எண்ணிக்கொள்வதுதான் அவர்களுடைய துன்பம். ஒரு தவறான சொல், மனத்தில் இருக்கும் சிக்கலை உடலில் ஏற்றிவிட்டது.

மூலச்சொல் பாடி இமேஜ். ‘இமேஜ்’ லத்தீன் ‘இமாகோ’விலிருந்து வந்தது, சாயல் என்று பொருள். மனநல மருத்துவர் பால் ஷில்டர் 1935இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம் உடலைப் பற்றி நம் மனத்தில் நாமே வரைந்துகொள்ளும் படம் என்பது அவர் தந்த விளக்கம்.

தோற்றம் என்பது பிறர் கண்ணுக்குத் தெரிவது. அதனால் அது சரிவராது. ‘உடல் பிம்பம்’ சரிதானே என்று பலர் கேட்கிறார்கள். வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. பொருள்தான் இடிக்கிறது. பிம்பம் என்றதும் நினைவுக்கு வருவது கண்ணாடி. சமதள ஆடியில் விழும் பிம்பம் பொருளின் அளவிலேயே இருக்கும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மனத்தில் இருக்கும் படம் அப்படியா இருக்கிறது? மெலிந்த உடல்களின் படங்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு சராசரி உடலைப் பார்த்தால் அது பருத்ததாகத் தெரியும். பருத்த உடல்களைப் பார்த்திருந்தால், அதே உடல் மெலிந்து தெரியும். ஆய்வுகளில் கண்ட உண்மை இது. கண்ணாடி காட்டுவது வேறு, மனம் காட்டுவது வேறு என்பதைச் சொல்ல வந்த சொல்லுக்குக் கண்ணாடியின் சொல்லையே சூட்டுவது எப்படிச் சரியாகும்? ‘எதிர்மறை உடல் பிம்பம்’ என்று சிலர் எழுதுவதைப் படித்து யாருக்கு என்ன விளங்கும்? மூலத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் ஒரு சொல்லைத் தேடி வரிசையாக வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

ஷில்டரின் விளக்கத்திலேயே சொல் இருக்கிறது: ‘தன்னுடல் மனப்படம்’. நீளம்தான். ஆனால் யாருடைய உடல், படம் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. ‘பாடி ஷேமிங்’ என்பதற்கு ‘உருவக்கேலி’ நன்றாக நிலைத்ததற்கும் காரணம் இதுதான், கேட்டவுடனேயே புரிந்தது.

கலைச்சொல் தேவைப்படாத இடத்தில் இதுவும் வேண்டாம். ‘அவள் தன்னைக் குண்டு என்று நினைத்து வருந்துகிறாள்’ என்றே எழுதலாம்.