குழந்தைக்குப் பெயர் தேடுகிறீர்களா? பிறப்புச் சான்றிதழின் 12 மாதக் கணக்கையும் மனதில் வையுங்கள்

குழந்தை பிறப்பதற்கு நான்கைந்து மாதம் முன்பே வீட்டில் பெயர்த் தேடல் ஆரம்பித்துவிடுகிறது. ஆணா பெண்ணா என்று தெரியாததால் இரண்டு பட்டியல். பிறந்த பிறகு நட்சத்திரம் பார்த்ததும் அதில் பாதி அடிபடும், அப்புறம் எண் கணிதம் பார்ப்பவர் ஒருவர் மீதமுள்ள பெயர்களில் எழுத்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். கடைசியில் தொட்டில் போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி, குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறியதா என்று பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாகவே இருக்கும் சான்றிதழைப் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கான விதி என்ன, எவ்வளவு நாளைக்குள் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பிறப்பைப் பதிவது ஒரு வேலை, பெயரைப் பதிவது இன்னொரு வேலை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யவேண்டும், மருத்துவமனையில் பிறந்திருந்தால் அந்தத் தகவலைப் பதிவாளருக்குக் கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பு, வீட்டில் பிறந்திருந்தால் குடும்பத்தின் பொறுப்பு. இந்தக் கட்டத்தில் பெயர் கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமலேயே பதிவாகும், சான்றிதழும் வந்துவிடும். "சான்றிதழ் வாங்கியாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுவது இதனால்தான். அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பெயரில்லாமல் பதிவான குழந்தையின் பெயரைப் பெற்றோரோ காப்பாளரோ குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவாளரிடம் வாய்மொழியாகவோ எழுத்திலோ தெரிவிக்கவேண்டும் என்கிறது.

அந்தக் குறிப்பிட்ட காலம் எவ்வளவு என்பது 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விதிகளில் இருக்கிறது. பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் போனால் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. 12 மாதம் தாண்டிவிட்டால் 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம், இப்படி 15 ஆண்டுகள் வரை இடம் உண்டு. 15 ஆண்டும் கடந்துவிட்டால் சாதாரண வழி மூடிக்கொள்ளும். அரசு இடையிடையே சிறப்பு அவகாசம் கொடுத்திருக்கிறது, 2000-க்கு முன் பதிவானவர்களுக்கும் 15 ஆண்டு கடந்தவர்களுக்கும் 31.12.2024 வரை கொடுத்தது அப்படி ஒன்று. ஆகவே கல்லூரி போகும் வயதில் பிள்ளை இருந்து சான்றிதழில் பெயர் இல்லை என்றால், இப்போது அவகாசம் நடப்பில் இருக்கிறதா என்று பதிவாளரிடம் உடனே கேளுங்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

200 ரூபாய்தானே, மெதுவாகப் போகலாம் என்று தோன்றலாம். பணம் இங்கே பிரச்சினையே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளிலோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காகிதம். பாஸ்போர்ட் விதிகளையும் 2025-இல் இதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். நம் தலைமுறைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலே பிறந்த தேதிக்குப் போதுமானதாக இருந்தது, பிறப்புச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமலே பாஸ்போர்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த வழி இல்லை. ஒன்று மட்டும் ஆறுதல்: 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று சொல்லித் தொடக்கக் கல்விக்கு வரும் குழந்தையைச் சேர்க்க மறுக்கக்கூடாது.

என் அக்கா வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பிரசவம் எங்கள் ஊரில், மாமாவுக்கு வேலை வேறு மாவட்டத்தில். பெயர் வைத்ததெல்லாம் விமரிசையாக நடந்தது, சான்றிதழில் சேர்ப்பது மட்டும் யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றரை வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் பெயர் காலியாக இருப்பதே கண்ணில் பட்டது. அக்கா தான் குடியிருக்கும் ஊரின் அலுவலகத்துக்குப் போனாள், அங்கே முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பெயர் சேர்க்கமுடியும், பெற்றோர் எங்கே வசிக்கிறார்கள் என்பது கணக்கில்லை. நம் வழக்கத்தில் முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதால் இந்தச் சிக்கல் நிறையப் பேருக்கு வரும். தாய் வீட்டிலிருந்து குழந்தையோடு கிளம்புவதற்கு முன்பே பெயர் முடிவாகியிருந்தால் அங்கேயே சேர்த்துவிட்டு வாருங்கள், அவ்வளவு அலைச்சல் மிச்சம்.

சரி, பெயர் ஏன் தள்ளிப்போகிறது? இப்போதைய பெயர் மோகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. முன்பெல்லாம் தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு என்று முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பிறகு தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் வந்தபோது பெயர்களின் முகமே மாறியது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார், அவர்களைப் பார்த்து ஊர் ஊராகத் தமிழ்ச்செல்வன்களும் கலைச்செல்விகளும் மலர்விழிகளும் பிறந்தார்கள். கட்சித் தலைவர் ஊருக்கு வரும்வரை காத்திருந்து அவர் கையால் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அப்போதிலிருந்து உண்டு. இன்று இரண்டு போக்குகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒரு பக்கம் யாழினி, மகிழினி, ஆதிரை, நிலா, இனியன், நித்திலன் என்று அழகான தமிழ்ப் பெயர்கள் திரும்பி வருகின்றன, எனக்கு அதில் உண்மையாகவே மகிழ்ச்சி. இன்னொரு பக்கம் ரித்விக், த்ருவ், ஹன்ஷிகா மாதிரி ஷ, ஹ, ஸ்ரீ கலந்த, யாரும் இதுவரை வைக்காத பெயராகத் தேடுவது. வகுப்பில் இன்னொருவருக்கு அதே பெயர் இருக்கக்கூடாது என்ற ஆசை. தேர்வு அதிகமாக அதிகமாக முடிவு தாமதமாகிறது, பன்னிரண்டு மாதம் போவதே தெரியாது.

எந்தப் பெயர் வைக்கலாம், எது கூடாது என்று நம் நாட்டில் பட்டியல் எதுவும் கிடையாது. ஐஸ்லாந்தில் பெயர்களுக்கென்றே ஒரு குழுவும் ஏற்கப்பட்ட பெயர்களின் பதிவேடும் உண்டு, இங்கே அந்தத் தடை இல்லை, தாத்தா பெயரோ தலைவர் பெயரோ நீங்களே உருவாக்கிய பெயரோ உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சுதந்திரம் ஒருமுறைதான். பெயரை இறுதியாக முடிவு செய்த பிறகே பதிவு செய்யுங்கள், பதிந்த பிறகு மாற்ற இயலாது என்பதுதான் பதிவு அலுவலகங்கள் எப்போதும் சொல்வது. அதனால் அவசரப்பட்டு ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பதும் தவறு. ஓராண்டு முழுதாக இருக்கிறது, நிதானமாக முடிவெடுங்கள், ஆனால் அந்த ஓராண்டுக்குள் எடுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. நம் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும், இரண்டிலும் பெயரை நீங்கள்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். யாழினியின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போடுவதா, வெறும் எல் போடுவதா? ஆதிரைக்கு ஒரு ஏ-யா இரண்டு ஏ-யா, தி-க்கு டி-ஹெச்-ஆ, டி மட்டுமா? தமிழில் த்ருவ் என்றா துருவ் என்றா? எண் கணிதத்துக்காகக் கூடுதலாக ஒரு ஏ-யோ ஹெச்-ஓ சேர்ப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அதைச் சான்றிதழில் சேர்த்தால் ஆதார், பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்து அப்படியே வரவேண்டும். அதிர்ஷ்டத்துக்குச் சேர்த்த எழுத்தைப் பள்ளிப் படிவத்தில் மறந்துவிட்டால், பதினைந்து வருடம் கழித்து இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நிரூபிக்க அந்தப் பிள்ளை அலையும். ஆதாரில் பெயரைத் திருத்துவதற்கும் வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு. என் யோசனை, வீட்டில் எல்லோரும் பெயரைத் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலானோர் எப்படி எழுதுகிறார்களோ அதுவே பின்னாளில் முன்பின் தெரியாத குமாஸ்தாவும் எழுதப்போவது.

முன்னெழுத்து, அதாவது இனிஷியல், இன்னொரு குழப்பம். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தைச் சுருக்கமாக ஏற்கமாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். ஆகவே குழந்தையின் பெயரோடு முன்னெழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். கிராம ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலர், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அங்குள்ள சுகாதாரப் பிரிவுதான் போகவேண்டிய இடம். அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்திருந்தால் முதலில் அங்கேயே விசாரியுங்கள். பழைய பதிவேடுகள் வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கக்கூடும், எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சமாகும். பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் ஆதார், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) எழுதிய தாய்-சேய் நல அட்டை, எல்லாவற்றையும் அசலும் நகலுமாக எடுத்துப்போங்கள். பிள்ளை பள்ளி போகிறது என்றால் பள்ளிச் சான்றும் கேட்பார்கள், அதில் உள்ள பெயரும் நீங்கள் கொடுக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். இருவரும் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பம் போதும், இதற்காக யாருக்கும் தனியாகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

குழந்தையின் தந்தை பெயரைச் சொல்ல விரும்பாத அல்லது சொல்ல இயலாத தாய்மார்கள் தயங்கவேண்டாம். திருமணமாகாத தாயோ தனியாக வளர்க்கும் தாயோ உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துக் கேட்டால் பிறப்புச் சான்றிதழ் வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பிழையைத் திருத்துவதும் பெயரை மாற்றுவதும் ஒன்றல்ல. பதிவேட்டில் எழுத்துப்பிழையோ தவறான விவரமோ ஏறியிருந்தால் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி பதிவாளர் திருத்தலாம், பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார்கள். தாய், தந்தை பெயரில் வரும் பிழைகள் பெரும்பாலும் பிரசவத்தின்போது மருத்துவமனைப் படிவத்தை அவசரத்தில் நிரப்புவதால் வருபவை, அந்த நேரத்தில் கூட இருப்பவர் ஆதாரைப் பார்த்து எழுதினாலே போதும். ஆனால் "இந்தப் பெயர் பிடிக்கவில்லை, வேறு வேண்டும்" என்றால் அது பிழை ஆகாது. அதற்குத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடவேண்டும், எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையில் விண்ணப்பிக்கவேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அதன் பிறகும் பல இடங்களில் சான்றிதழையும் அரசிதழையும் சேர்த்தே காட்டவேண்டி வரும்.

பிறப்பையே பதியாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். 21 நாள் கடந்தால் தாமதக் கட்டணம், 30 நாள் கடந்தால் அதோடு எழுத்துப்பூர்வ அனுமதி, ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு என்று படி ஏறிக்கொண்டே போகும். பிறப்பு பதிவானால்தான் பெயர் சேர்க்கமுடியும், ஆகவே முதலில் அதை முடியுங்கள்.

பெயர் சேர்த்துச் சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். குழந்தை பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி. தவறு இருந்தால் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கணினியில் ஏறியது சரியாக இருக்கிறதா என்று தமிழ்நாட்டின் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சி.ஆர்.எஸ். இணையதளத்திலிருந்து சான்றிதழைப் பதிவிறக்கியும் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைக்கு ஆதார் எடுப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.